வெளுத்ததெல்லாம் வெள்ளியா?

தங்கத்தைப் பற்றிப் பேசும்போது நம் முன்னோர் "எத்தனை மாற்று?" என்று கேட்டனர். மாற்று என்பது பொன்னின் தூய்மையைக் குறிக்கும் அளவு. உரைகல்லில் உரைத்து, மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டு அதைக் கண்டறிந்தனர். குற்றமற்ற மனிதரைப் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று இன்றும் புகழ்கிறோம். வெள்ளிக்கு இப்படி ஒரு சொல் பேச்சு வழக்கில் இல்லை. அதன் பெயரே வெண்மையிலிருந்து வந்தது. நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டோம். நிறத்தைப் பார்த்தே இன்றும் விலை கொடுக்கிறோம். தங்கக் கடையில் '22 காரட்டா, 18 காரட்டா?' என்று விவரமாகக் கேட்பவர்கூட, வெள்ளிக் கடையில் "நல்ல வெள்ளிதானே? கறுக்காதே?" என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்.

இது சிறிய விஷயம் அன்று. அரியலூர், ஜெயங்கொண்டம் வட்டாரங்களில் முந்திரி விற்ற பணமோ, நெல் விற்ற பணமோ கைக்கு வந்தால், தங்கம் வாங்க முடியாத குடும்பம் வெள்ளிதான் வாங்குகிறது. குழந்தைக்கு அரைஞாண் கொடியும் தண்டையும், பெண்ணுக்குக் கொலுசு, மணமகளுக்கு மெட்டி, சீர் வரிசையில் குங்குமச் சிமிழ் என்று வெள்ளி வீட்டுக்குள் வருகிறது. நெருக்கடி வந்தால் முதலில் வெளியே போவதும் அந்த வெள்ளிதான். ஆகவே, வெள்ளியின் மதிப்பை மக்கள் எவ்வாறு முடிவு செய்கின்றனர், அந்த முடிவு இயற்பியலின் முன் நிற்குமா என்று திறனாய்ந்து பார்ப்பது பயனுள்ளது.

கலப்பது குற்றமா?

முதலில் ஒரு தவறான கருத்தை நீக்கிவிடுவோம். 'கலந்த வெள்ளி என்றால் ஏமாற்று வெள்ளி' என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அதில் கொலுசு செய்தால் கண்ணிகள் இழுபட்டு நீளும், திருகு தேய்ந்துவிடும், மெட்டி நெளியும். சிறிதளவு செம்பு சேர்த்ததும் நிலைமை மாறுகிறது. செம்பின் அணு வெள்ளியின் அணுவை விடச் சிறியது. வெள்ளி அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்குள் அது நுழையும்போது அடுக்கு சற்றே குலைகிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வது கடினமாகிறது. உலோகம் உறுதி பெறுகிறது.

ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு செம்பும் கொண்ட கலவை இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக 'ஸ்டெர்லிங்' என்ற பெயரில் வழங்கி வருகிறது. 1697இல் அந்நாட்டு அரசு வெள்ளிப் பாத்திரங்களின் தூய்மையை 958 ஆக உயர்த்தியது. மக்கள் நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்துகொண்டதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் 958 வெள்ளி மென்மை மிகுந்தது. 1720இல் பழைய 925 மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதிகத் தூய்மை என்பது எல்லா வேலைக்கும் அதிக நன்மை ஆகாது என்பதற்கு இது நல்ல சான்று. நாணயமாகச் சேமித்து வைக்க 999 பொருந்தும். காலில் அணிய 925 பொருந்தும்.

எனவே, கலப்பது குற்றம் அன்று. எவ்வளவு கலந்தது என்று சொல்லாமல் விற்பதே குற்றம்.

கண்ணின் தீர்ப்பு

வெள்ளி வெண்மையாகத் தோன்றக் காரணம், கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் எல்லா நிறங்களையும் அது ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பி அனுப்புவதுதான். செம்பு நீலத்தையும் பச்சையையும் பெரிதும் விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்புகிறது. அப்படியானால் செம்பு கூடக் கூடக் கலவை சிவக்க வேண்டும். கண் கண்டுபிடித்துவிட வேண்டும். ஏன் கண்டுபிடிப்பதில்லை?

காரணம், கண் பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. வெள்ளி-செம்புக் கலவையைக் காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாக மாறுகிறது. பிறகு மென்மையான அமிலத்தில், புளிக் கரைசலில்கூட, போட்டுத் தேய்த்தால் அந்த ஆக்சைடு கரைந்து போகிறது. வெள்ளி கரைவதில்லை. எஞ்சுவது உட்புறத்தை விடத் தூய்மை மிக்க மெல்லிய வெள்ளித் தோல். பொற்கொல்லர் பட்டறைகளில் நெடுங்காலமாக நடக்கும் வழக்கமான வேலை இது. இதில் மோசடி எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இதன் விளைவாக, 70 விழுக்காட்டு நகையும் 92 விழுக்காட்டு நகையும் கடை விளக்கின் கீழ் உடன்பிறந்தவை போலத் தோன்றுகின்றன. இக்காலத்தில் மின்முலாம் பூசும் வசதியும் சேர்ந்துகொண்டது. பாதி செம்பான பொருளையும் முழு வெள்ளியாகக் காட்ட ஒரு மைக்ரான் கனம்கூடத் தேவையில்லை.

சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருந்தன. உடைத்து உள்ளிருந்த பரலைப் பார்த்த பிறகே உண்மை தெரிந்தது. உள்ளே இருப்பதை வெளித்தோற்றம் சொல்லாது என்பது நமக்குப் புதிய பாடம் அன்று.

கறுத்தால் கலப்படமா?

வாடிக்கையாளர் வைக்கும் இரண்டாம் தேர்வு, காலம். "வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, கறுத்துவிட்டது, இது வெள்ளியே இல்லை" என்ற முறையீட்டைக் கேட்காத கடைக்காரர் இருக்க மாட்டார். உடம்புச் சூட்டால் கறுக்கிறது என்பாரும் உண்டு.

காற்றில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு எப்போதும் உள்ளது. சாக்கடை, அழுகும் பொருள், முட்டை, சிலவகை ரப்பர் ஆகியவற்றிலிருந்தும் கந்தகச் சேர்மங்கள் வருகின்றன. வெள்ளி கந்தகத்தோடு எளிதில் கூடி, கறுப்பு நிற வெள்ளி சல்பைடு ஆகிறது. தூய வெள்ளியும் இதற்கு விலக்கன்று. செம்பு கலந்த வெள்ளி சற்று விரைவாகக் கறுக்கும் என்பது உண்மை; ஆனால் கறுக்கும் வேகம் அணிபவரின் வியர்வை, வீட்டுக் காற்று, அவர் பூசும் பொருள்கள் ஆகியவற்றையும் பொறுத்தது. அதை வைத்துத் தூய்மையை அளக்க இயலாது.

இதற்கு மறுபுறம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோடியம் முலாம் பூசிய நகை கறுப்பதில்லை. உள்ளே வெள்ளி எவ்வளவு குறைந்திருந்தாலும், முலாம் தேயும்வரை பளபளவென்றே இருக்கும். ஆக, 'கறுக்காத வெள்ளியே நல்ல வெள்ளி' என்ற அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர், முலாம் பூசாத நேர்மையான வெள்ளியைத் தள்ளிவிட்டு, முலாம் பூசிய குறை வெள்ளியைத் தேடி எடுக்கிறார். அளவுகோல் தவறாக இருப்பது மட்டுமன்று, தலைகீழாகவும் இருக்கிறது.

காதும் கையும்

மூன்றாவது தேர்வு ஓசை. வெள்ளி ரூபாய் புழங்கிய நாளில், காசைக் கல்லில் சுண்டி ஓசை கேட்டு வாங்குவார்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிக்கப்பட்ட ரூபாய் 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்டது. 1940இல் போர்க்காலத் தேவையால் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்க்கப்பட்டன. 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது. ஒரே வடிவமும் ஒரே எடையும் உள்ள காசுகளில் ஓசைத் தேர்வு ஓரளவு உதவும். ஈயம் ஊற்றிய கள்ளக் காசு மந்தமாக ஒலிக்கும்.

கொலுசுக்கு இத்தேர்வு பொருந்தாது. ஓசையின் தன்மையை முடிவு செய்பவை பொருளின் வடிவம், கனம், விறைப்பு ஆகியவை. செம்பு வெள்ளியை விட விறைப்பானது. அது சேர்ந்த கடினக் கலவையின் மணி கணீரென்று ஒலிக்கும். மென்மையான தூய வெள்ளியின் மணி அடங்கி ஒலிக்கும். இங்கும் காது செம்பின் பக்கமே சாய்கிறது.

கையின் தீர்ப்பு எடை. வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பின் அடர்த்தி 8.96. கணக்கிட்டுப் பார்த்தால் 925 கலவைக்கு ஏறத்தாழ 10.36 வரும், 700 கலவைக்கு 9.98 வரும். 100 கிராம் கொலுசு எனில் கன அளவில் வேறுபாடு 0.4 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு சிறு பட்டாணி அளவுள்ள இந்த வேறுபாட்டை, பல கண்ணிகளும் மணிகளும் கோத்த கொலுசைத் தூக்கிப் பார்த்துக் கையால் உணர முடியாது.

ஆனால் தராசால் உணர முடியும். 0.01 கிராம் காட்டும் மின்னணுத் தராசின் மீது ஒரு குவளை நீரை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்ணே அப்பொருளின் கன சென்டிமீட்டர் கன அளவு. ஆர்க்கிமிடீசின் தத்துவம் இது. பழைய முழு வெள்ளி ரூபாய் ஏறத்தாழ 1.13 காட்டும், 1940க்குப் பிந்திய அரை வெள்ளி ரூபாய் ஏறத்தாழ 1.22 காட்டும். மாணவர்கள் வீட்டிலுள்ள பழைய காசுகளைக் கொண்டு இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். எனினும் உள்ளே பொள்ளலான நகை, அரக்கு நிரப்பிய நகை, காற்றுக்குமிழி தங்கும் நுண்ணிய கண்ணிகள் கொண்ட நகை ஆகியவற்றில் விடை பிழையாகும். செம்பை விடக் கனமான ஈயம் கலந்திருந்தாலும் கணக்கு தவறும்.

பனிக்கட்டியும் காந்தமும்

வெள்ளியின் மேல் பனிக்கட்டி வைத்தால் விரைவில் உருகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் சோதனை. உலோகங்களுள் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி என்பது உண்மையே. ஆனால் அதற்கு அடுத்த இடத்தில் மிக அருகில் நிற்பது செம்பு. வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகட்டிலும் பனிக்கட்டி வேகமாகவே உருகும். காந்தச் சோதனையும் இத்தகையதே. காந்தம் வெள்ளியை ஈர்ப்பதில்லை. செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றையும் ஈர்ப்பதில்லை. இரும்பைக் கண்டுபிடிக்க அது உதவும். வெள்ளியை உறுதி செய்ய உதவாது.

பெயர்களின் மயக்கம்

புலன்கள் கைவிட்ட இடத்தில் வாடிக்கையாளர் பெயர்களை நம்புகிறார். அங்கும் குழப்பமே காத்திருக்கிறது. 'ஜெர்மன் வெள்ளி' என்பதில் வெள்ளி துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. பூசைத் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் அது ஏற்றதே. ஆனால் அதில் செய்த அணிகலன், நிக்கல் ஒவ்வாதவர் தோலில் அரிப்பை உண்டாக்கும். "எனக்கு வெள்ளி ஒத்துக்கொள்ளாது" என்போர் அணிந்தது வெள்ளிதானா என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது '92.5 வெள்ளி'. கண்ணாடிப் பேழையில் கல் பதித்த மோதிரமாகவும் சங்கிலியாகவும் இது விற்கப்படுகிறது. இதை ஏதோ வேறு உலோகம் என்றும், பக்கத்துத் தட்டில் எடைபோட்டு விற்கும் கொலுசே 'சுத்த வெள்ளி' என்றும் எண்ணுவோர் பலர். 92.5 என்பது நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. எண் சொல்லப்படாத 'சுத்த' வெள்ளி அதை விடக் குறைந்ததாகவும் இருக்கலாம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் கொலுசு செய்வது பெரிய வீட்டுத்தொழில். தொழில் செய்வோர் தமக்குள் தூய்மையை 'டச்' என்ற சொல்லால் குறிக்கின்றனர். 80 டச், 70 டச் என்றால் நூற்றுக்கு அத்தனை பங்கு வெள்ளி. பட்டறைக்காரருக்கு டச் தெரியும், மொத்த வியாபாரிக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். அணிந்து நடப்பவருக்கு மட்டும் தெரியாது. கொலுசில் பற்றவைத்த இடங்கள் பல. பற்றாசு எளிதில் உருகுவதற்காக அதில் வெள்ளி குறைத்தே சேர்க்கப்படும். ஆகவே, தகட்டின் டச் ஒன்று, முழு நகையை உருக்கினால் கிடைக்கும் டச் மற்றொன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு கிராம் தூய வெள்ளி 100 ரூபாய் என்று கொள்வோம். 100 கிராம் கொலுசு 92.5 எனச் சொல்லி விற்கப்பட்டால் உலோகத்தின் விலை 9,250 ரூபாய். உண்மையில் அது 70 டச் ஆனால் உள்ளே இருப்பது 7,000 ரூபாய் வெள்ளியே. கூலி இதற்கு மேல். வேறுபட்ட 2,250 ரூபாய் வாங்கிய அன்று தெரியாது. பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கப்போகும் அன்று, அடுத்த கடைக்காரர் உருக்கிப் பார்த்துச் சொல்லும்போதுதான் தெரியும்.

நல்லது ஒதுங்கும் சந்தை

இதில் கடைக்காரரை மட்டும் குறை கூறி முடிப்பது நேர்மையாகாது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் உண்மையை விளக்கினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையையே தர முன்வருவார். அந்த விலையில் நல்ல பொருளை விற்பவருக்கு நட்டம். மட்டமான பொருளை விற்பவருக்கு லாபம். நல்ல பொருள் மெல்ல மெல்லச் சந்தையை விட்டு விலகும். இவ்வகை ஆய்வுக்காக அவர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கொலுசுச் சந்தைக்கு இது அப்படியே பொருந்துகிறது. 92 டச்சில் செய்யும் கொல்லரின் நகை மென்மையாக, அடங்கிய ஓசையோடு, முலாம் இன்றி, சில மாதங்களில் கறுக்கும். 70 டச் நகை கடினமாக, கணீரென்று, முலாமின் பளபளப்போடு இருக்கும். நாம் கேட்பவை வெண்மை, ஓசை, கறுக்காமை. மூன்றையும் குறைந்த வெள்ளியே நன்றாகத் தருகிறது. நேர்மையான கொல்லருக்கு நம் தேர்வில் மதிப்பெண் இல்லை.

வாங்குபவர் விவரம் அறிந்தவரானால் நிலைமை மாறும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று உண்டு. கோவை வெள்ளலூர், கரூர் முதலிய இடங்களில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற பேரரசர்களின் காலத்தவை. கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் இங்கு மிக அரிது. தமிழக வணிகர் தரம் குறைந்த காசை ஏற்கத் தயங்கினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிளினி என்ற ரோமானிய அறிஞர் எழுதிய செய்தி ஒன்றும் உண்டு: இலங்கை மன்னன் ஒருவன், வெவ்வேறு பேரரசர்களின் தலை பொறித்த ரோமானிய வெள்ளிக் காசுகள் எல்லாம் ஒரே எடையாய் இருந்ததைக் கண்டு அந்நாட்டாரின் நேர்மையை மெச்சினானாம். அம்மன்னன் பளபளப்பைப் பார்க்கவில்லை, அளவைப் பார்த்தான்.

முத்திரை போதுமா?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005 முதல் வெள்ளிக்கும் ஹால்மார்க் முத்திரை வழங்கி வருகிறது. 2025 செப்டம்பர் 1 முதல், எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளமும் வெள்ளி நகைக்கு வந்தது. அக்குறியை அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' என்ற செல்பேசிச் செயலியில் இட்டால் நகையின் தூய்மையைச் சரிபார்க்கலாம். இது நல்ல முன்னேற்றம். ஆயினும் இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

ஒன்று, தங்கத்துக்கு 2021 ஜூனில் முத்திரை கட்டாயமாக்கப்படத் தொடங்கியது. வெள்ளிக்கான இத்திட்டமோ வணிகரின் விருப்பத்துக்கு விடப்பட்டே தொடங்கியது. தங்கம் வாங்குவோரை விட எளியவர் வாங்குவது வெள்ளி. பாதுகாப்பில் பின்தங்கியதும் அதுவே. இரண்டு, முத்திரைக்குரிய தரங்களில் மிகக் குறைந்தது 800. எழுபதும் அறுபதும் டச் உள்ள கொலுசு இத்திட்டத்தின் கண்ணுக்கே படாது. முத்திரை மிகவும் தேவைப்படும் நகைதான் முத்திரைக்கு வெளியே நிற்கிறது. அத்தகைய நகையைத் தடை செய்யத் தேவையில்லை. குறைந்த விலையில் உறுதியான கொலுசு விரும்புவோர் வாங்கட்டும். ஆனால் அதன் மேல் 700 என்றோ 600 என்றோ எண் இருக்க வேண்டும். விலையும் அந்த எண்ணின்படி இருக்க வேண்டும்.

கருவிகளையும் கண்ணை மூடி நம்பலாகாது. கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி நொடிகளில் விடை தரும். ஆனால் அது படிப்பது மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே. முலாமும் வெளுப்பேற்றிய தோலும் அதையும் ஏமாற்றும். நகையின் ஒரு துணுக்கை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளியை அளக்கும் வோல்ஹார்டு முறை போன்ற வேதிச் சோதனைகளே முழு உண்மையைச் சொல்லும்.

என்ன கேட்க வேண்டும்?

இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் தங்கம், வெள்ளி அடகுக் கடன்களுக்கு வெளியிட்ட விதிமுறைகள், வெள்ளி நகையையும் அதன் உண்மையான தூய்மைப்படி மதிப்பிடச் சொல்கின்றன. அடகு வைக்கும்போது தூய்மை எண் கணக்கில் வரும். அப்படியானால் வாங்கும்போதும் அது கணக்கில் வர வேண்டாமா?

வெள்ளி வாங்கும்போது "கறுக்குமா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "ஆயிரத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். முத்திரை இருந்தால் அதன் எண்ணைப் படித்துச் சரிபாருங்கள். ரசீதில் எடை, தூய்மை, கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். திரும்ப விற்கும்போது எந்த எண்ணின்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் அதே ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். இதற்குப் படிப்பு அதிகம் வேண்டியதில்லை. கூச்சம் இல்லாமல் கேட்டால் போதும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பட்டறைக்காரரைக் கேட்பார். அப்போது தூய்மையாகச் செய்யும் கொல்லருக்கும் உரிய விலை கிடைக்கும்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த கொடைகளை 'ஆடவல்லான்' என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுத்து, அந்த நிறையைக் கல்வெட்டில் பொறித்து வைத்தான் இராசராசன். அளந்ததை எழுதி வைப்பது நமக்குப் பழகிய பண்பே. கடை ரசீதில் ஒரு வரியாக அது மீண்டும் வந்தால் போதும்.